கறை மருந்து வாசம்

எனக்கு ஆளுகளைப் பார்த்துப் பேச வராது. அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. அப்புறம் பனியன் கம்பெனியில் துணி மடித்துக் கவர் போட்டே பாதி வயசு போய்விட்டது. வாய்தான் ஓடாதே தவிர, சந்தேகம் நன்றாக ஓடும்.

வேலம்பாளையத்தில் இருந்தபோது எங்களிடம் ஒரே மாடு. மகனுக்குக் கம்பெனியில் வேலை இல்லாத வாரமெல்லாம் அதன் பால்தான் அடுப்பெரித்தது. ஒரு வருசம் மழை ஏமாற்றியது. மகன் பல்லடம் பக்கம் போய்ப் பச்சை மக்காச்சோளத்தட்டு வாங்கி வந்து, நறுக்கி, பெரிய பாலிதீன் பைகளில் மிதித்துக் கட்டி வைத்தான். ஊறுகாய்ப் புல்லாம். மாசக்கணக்கில் கெடாதாம்.

மாடு கன்று போட்டதிலிருந்து அதைத்தான் போட்டோம். மூன்றாம் வாரம் பால் பாதியானது. மாடு தவிட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. விலா எலும்பு தெரிந்தது. அதன் மூச்சில் ஒரு வாசம். எங்கேயோ முகர்ந்த வாசம். யோசித்ததில் பிடிபட்டது: கம்பெனியில் எண்ணெய்க்கறை எடுக்க அடிக்கிற மருந்து.

அந்த மருந்து அடிக்கிற வேலையில் இருந்தவள் பக்கத்து லைன் வீட்டுத் திருநெல்வேலிக்காரி. தினமும் அரிசி கழுவிய தண்ணீரைக் கொண்டுவந்து மாட்டுத் தொட்டியில் ஊற்றுவாள். பத்து நாள் முன்னால் சாணி நாற்றமென்று அவள் முணுமுணுத்ததும் ஞாபகம் வந்தது. அன்று முதல் அவள் வருவதற்குள் தொட்டியைக் கவிழ்த்து வைத்தேன்.

"என்னக்கா, மாடு விரதமா?" என்றாள்.

நான் அவள் கையைத்தான் பார்த்தேன்.

மறுநாள் மாடு படுத்துவிட்டது. மகன் மாட்டு டாக்டரைக் கூட்டி வந்தான். அவளும் வந்து நின்றாள்.

நான் மகன் காதில் சொன்னேன். அவன் சத்தமாகவே கேட்டுவிட்டான். "ஏனுங்க, யாராச்சும் மருந்து வெச்சிருப்பாங்களா?"

"இது வெளி மருந்தில்லைங்க. தீனி சேராம மாடு தன் கொழுப்பையே கரைக்குது. அந்த வாசந்தான்" என்றார் டாக்டர். ஒரு பையைப் பிரித்துக் கை விட்டார். கொழகொழவென்று கறுத்து வந்தது. அந்த நாற்றத்தில் மகன் மூக்கைப் பொத்தினான். "இந்தக் கெட்டதைத் தின்னுதான் இப்படி. உள்ள காத்துப் போயிக் கெட்டிருக்கு. பை பூரா ஓட்டை."

"எலியாட்ட இருக்குதுங்க" என்றான் மகன்.

"எலி இப்படி வரிசையாவா கடிக்கும்?"

மகன் அவளைத் திரும்பிப் பார்த்தான். நான் பார்த்த அதே பார்வை.

அந்த ஓட்டைகளை எனக்குத் தெரியும். பைக்குள் வேர்த்திருந்ததைப் பார்த்து, துணியாட்டமே பூஞ்சை பிடித்துவிடுமென்று, கம்பெனியில் காற்றாடக் கவருக்குக் குத்துகிற மாதிரியே கோணூசியால் குத்தி வைத்தவள் நான். யாரிடமும் சொல்லவில்லை.

"நாந்தானுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன்.

டாக்டர் திட்டவில்லை. குளுக்கோஸ் ஏற்றினார். பைத் தீனியை நிறுத்தி, காய்ந்த தட்டும் வெல்லத் தண்ணீரும் கொடுக்கச் சொன்னார். நாலாம் நாள் மாடு தவிடு தின்றது.

அன்றே தொட்டியை நிமிர்த்தினேன். அவள் வாளியோடு வந்தாள். ஊற்றுமுன் என்னையறியாமல் குனிந்து முகர்ந்துவிட்டேன்.

"என்னக்கா, இன்னும் மருந்து மணக்கா?"

"இல்லைங்க... அரிசி வாசந்தான்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. ஊற்றிவிட்டு, மாடு குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.