பாதியில நின்ன காவடிச்சிந்து

கோவில்பட்டியில இருந்து விளாத்திகுளம் போற பஸ். கடைசிக்கு முந்தின சீட்டு. ஜன்னல் கண்ணாடி கடகடன்னு ஆடிக்கிட்டே வரும். என் காதுல ஒரு இயர்ஃபோன், பக்கத்துல உக்காந்திருக்கிற எஸ்தர் காதுல இன்னொண்ணு... ஓடுற பாட்டுல டிரம்ஸ் சத்தம் எது, கண்ணாடிச் சத்தம் எதுன்னு பிரிக்கவே முடியாது.

அப்ப நான் ஒரு மெல்லிசைக் குழுவுல கீபோர்டு. கல்யாண ரிசப்ஷன், கோயில் கொடைத் திருவிழான்னு கூப்பிட்ட எடத்துக்கெல்லாம் போவோம். எஸ்தர் அதே குழுவுல சாக்ஸஃபோன். கயத்தாறுப் பிள்ளை. அவ அப்பா பேண்டு செட்டுல வாசிச்சவரு.

அவ எங்கேருந்துதான் அந்த ஆல்பமெல்லாம் பிடிப்பாளோ! ஒண்ணுல ஆப்பிரிக்கா மத்தளத்தோட டிரம்பெட்டு. ஒண்ணுல வயலினுக்கு நடுவுல ராப்பு. எல்லாத்துக்கும் அடியில ஜாஸ் ஓடிக்கிட்டு இருக்கும்.

எனக்கு முதல்ல ஒரு எழவும் புரியல. "பாட்டு எப்ப தொடங்கும்ட்டி?"னு கேட்டேன்.

"தொடங்கி நேரமாச்சு. நீதான் பின்னால வாரே"ன்னா.

அப்புறம் பிடிச்சுக்கிடுச்சு... கைய சும்மா வைக்க முடியாது. சோத்துத் தட்டு, பஸ் கம்பி, எதைப் பாத்தாலும் விரல் ஓடும். எஸ்தர் நெலமை இன்னும் மோசம். சினிமாப் பாட்டு வாசிக்கையில நிறுத்த வேண்டிய எடத்துல நிறுத்த மாட்டா. ரெண்டு சுரம் தாண்டிப் போயிட்டுத்தான் திரும்புவா. குழு நடத்துற மாஸ்டர் திரும்பி முறைப்பாரு. "படத்துல உள்ளபடி வாசி தாயி..."

மாஸ்டர் கெட்ட மனுசர் இல்ல. அடுத்த கல்யாணத்துக்கும் நம்மளக் கூப்பிடணுமேன்னு அவருக்குக் கவலை.

அன்னைக்கு விளாத்திகுளத்துல ஒரு ரிசப்ஷன். பாட வேண்டிய ரெண்டு பேரும் வந்த கார் வழியில நின்னுபோச்சு. "அவிய வார வரைக்கும் ஏதாவது வாசிங்கப்பா"ன்னாரு மாஸ்டர்.

எஸ்தர் என்னைப் பாத்தா. "சிந்து"ன்னா.

காவடிச்சிந்து மெட்டு எங்க பக்கம் யாருக்குத்தான் தெரியாது? ஆனா நாங்க அதை ஜாஸா மாத்தி பஸ்ஸுல வாயாலதான் பாடிப் பாத்திருந்தோம். மேடையில ஒருநாளும் வாசிச்சதில்ல.

ரெண்டு தடவை நேராவே வாசிச்சா. மூணாந்தடவை மெட்டை மெதுவா அவுத்துவிட்டா பாருங்க... ரிதம் பேடு வாசிக்கிற சுப்பையா பேடை விட்டுட்டு, கோயில் கொடைக்குன்னு சாமானோட கிடந்த உறுமி மேளத்தை எடுத்துட்டான். நான் கீபோர்டுல அடியில கார்டு சுரங்களை வச்சேன். எப்படி வச்சேன்னு இன்னைக்கும் தெரியாது.

கூட்டத்துல பாதி பந்திக்குப் போயிருச்சு. சில பொம்பளையாளுக கும்மிக்குத் தட்டுற மாதிரி தட்டுனாங்க... தாளம் தவறும், சிரிப்பாங்க, திரும்பப் பிடிச்சுக்கிடுவாங்க.

அப்பதான் பொண்ணு நாற்காலியை விட்டு எந்திரிச்சா. மாலையும் கழுத்துமா வந்து ஸ்பீக்கர் முன்னாடி நின்னுட்டா, கண்ணை மூடிக்கிட்டு. மாப்பிள்ளை அங்கன தனியா நின்னு கைய எங்க வைக்கதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு இருந்தாரு.

பொண்ணோட தாய்மாமா வேகமா வந்தாரு. "ஏப்பா, இது என்ன எழவு விழுந்த துஷ்டி வீடா? படத்துப் பாட்டு வாசிக்கச் சொன்னா உறுமிய உருட்டுதீங்க!" சொல்லிக்கிட்டே மிக்ஸர் சுவிட்ச அணைச்சுட்டாரு.

கீபோர்டு செத்துப்போச்சு. மைக் இல்லாம சாக்ஸ் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுச்சு... பெறகு அதுவும் நின்னுச்சு. பொண்ணு கண்ணைத் தொறந்து எங்களைப் பாத்தா. திரும்பிப் போய் உக்காந்துட்டா.

மறுநாள் பஸ் ஸ்டாண்டுல வச்சு மாஸ்டர் சொல்லிட்டாரு. "நீங்க ரெண்டு பேரும் வேற எடம் பாத்துக்கோங்க."

"அப்ப நானும்தான் அண்ணாச்சி"ன்னு சுப்பையா சொன்னான்.

நல்ல முகூர்த்த சீசன். மூணு பேருக்கும் வேலை போச்சு. டீக்கடை பெஞ்சுல எஸ்தர் முழங்காலை ஆட்டிக்கிட்டே உக்காந்திருந்தா. "பயமா இருக்காட்டி?"ன்னு கேட்டேன்.

"அது இல்ல லே. நிறுத்தாம இருந்தா அடுத்த சுரம் எங்கன போயிருக்கும்? அதுதான் மண்டைக்குள்ள குடையுது."

நான் ஒரு மொபைல் கடையில சேந்தேன். அவ சர்ச்சுல பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக் குடுத்தா. அப்படியே போயிருக்கும்... திடீர்னு ஒருநாள் எஸ்தருக்கு ஒரு போன். அந்தக் கல்யாணப் பொண்ணு!

"என் கல்யாணத்துல எல்லாம் மத்தவங்க இஷ்டப்படிதான் நடந்துச்சுக்கா. எனக்குன்னு பிடிச்சது அந்தப் பாட்டு ஒண்ணுதான். அதையும் பாதியில நிறுத்திட்டாங்க. மிச்சம் எங்க கேக்கலாம்?"

மிச்சம்னு ஒண்ணு இருந்தாத்தானே? உண்டாக்கணும்ல!

கயத்தாறு சர்ச்சுல சண்டே கிளாஸ் ரூம்தான் ரெக்கார்டிங்குக்கு எடம். ஜன்னலுக்கு மெத்தையை வச்சு அடைச்சோம். ஃபேனைப் போட்டா சத்தம், நிறுத்துனா வேர்வை. ஒவ்வொரு டேக்குலயும் பைபாஸ்ல ஒரு லாரி ஹாரன் அடிப்பான். கடைசியில அதுவும் இருக்கட்டும்னு விட்டுட்டோம். அந்தப் பொண்ணுக்குத்தான் முதல்ல அனுப்புனோம். "முழுசாக் கேட்டுட்டேன். அவரும் கேட்டாரு"ன்னு பதில் வந்துச்சு. எஸ்தர் அன்னைக்கு அழுதா. அவ அழுது நான் பாத்தது அந்த ஒரு தடவைதான்.

அந்த ரெக்கார்டிங் போன் போனா கைமாறிப் போச்சு. அதுக்குப் பெறகுதான் அவ பேரு வெளியில தெரிஞ்சது. எத்தனையோ பேரோட வாசிச்சுட்டா. எல்லாத்துலயும் சுப்பையா கூடவே இருப்பான். நான் சென்னைக்கு வந்து ஸ்டுடியோவுல மிக்ஸிங் வேலையில உக்காந்துட்டேன்.

இப்ப வாரத்துக்கு எத்தனை ஆல்பம் வருது... ஜாஸோட கானா, ஜாஸோட ஒப்பாரி, எல்லாம் வந்தாச்சு. சிலது அருமையா இருக்கு. ஆனா நாப்பது செகண்டு கூடப் பொறுக்காம அடுத்ததுக்குத் தள்ளிட்டுப் போறேன். அன்னைக்கு ஒண்ணையே கேட்டுக் கேட்டு நிலைகொள்ளாம அலைஞ்சேன். இன்னைக்கு எதையுமே முழுசாக் கேக்காம அலையுதேன்.

போன வாரம் எஸ்தரோட புது ஆல்பம். தள்ளாம, கடைசி வரைக்கும் கேட்டேன். உடனே போன் போட்டு "பிரமாதம்ட்டி"ன்னேன்.

"அது முடிஞ்ச கதை லே. இப்ப வேற ஒண்ணு ஓடுது. கீபோர்டுக்கு ஆள் இல்ல. வாரியா?"

அன்னைக்கா இருந்தா அவ கேட்டு முடிக்கதுக்குள்ள பஸ் ஸ்டாண்டுல நின்னிருப்பேன்.

இப்ப... பாத்துட்டுச் சொல்லுதேன்னு போனை வச்சுட்டேன்.

அதுல இருந்து ஒரு எடத்துல உக்கார முடியல.