லுவார் ஆற்றங்கரையில் பறித்த திராட்சைக்காய்

"நூரு, நாக்கு எரியுது. யாருகிட்டயும் சொல்லிடாதம்மா," என்றார் லூர்துமேரி டீச்சர்.

பிரான்ஸில், லுவார் ஆற்றங்கரைத் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே நின்றிருந்தோம். ஜூலை மாதம், காலை பதினொரு மணி. புதுச்சேரியிலிருந்து ஏழு பேரை வைன் கிராமங்கள் வழியே நடைப்பயணமாகக் கூட்டிப் போயிருந்தேன். எங்கள் வீட்டில் யாரும் வைனைத் தொடுவதில்லை. ஆனால் பெரிய மார்க்கெட் பக்கத்தில் டூர் ஆபீஸ் வைத்து, பல வருடமாக நான் செய்யும் வேலை இதுதான். உனக்கு வேறு ஊரே கிடைக்கவில்லையா என்று அத்தா இன்றும் கேட்பார்.

"என்ன டீச்சர் சாப்ட்டீங்க?"

"திராட்சைக்காய்தான். ஒரு கொத்து." கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். உப்பும் மிளகாய்த்தூளும். "ஒரு வாரமா உப்பு காரம் இல்லாத சாப்பாடு. காயப் பாத்ததும் வாய் ஊறிடுச்சு."

திரும்பிக் கொடியைப் பார்த்தேன். இலைகளில் நீல நீலமாக மருந்து படிந்திருந்தது. நாக்கில் எரிவது மிளகாயா மருந்தா என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

தப்பு என்னுடையது. அங்குள்ள ஏஜென்சி அனுப்பிய பிரீஃபிங் தாளில், 'காய் பறிக்காதீர்கள், மருந்து அடித்திருக்கும்' என்று ஒரு வரி இருந்தது. தமிழில் எழுதும்போது அதை மட்டும் விட்டுவிட்டேன். வந்தவர்கள் எல்லாம் பென்ஷன் வாங்கும் பெரிய மனிதர்கள். டீச்சர் தலைமை ஆசிரியையாக இருந்தவர். பறிக்காதீர்கள் என்றால், திருடாதீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆகிவிடாதா?

டீச்சரை வாய் கொப்பளிக்க வைத்தேன். மற்றவர்களிடம், "டீச்சருக்குக் கொஞ்சம் பிரஷர், நீங்க ஆத்தோரமா ஓட்டலுக்குப் போய்க்கிட்டு இருங்க" என்று பொய் சொல்லி அனுப்பினேன். பிறகு தோட்டக்காரரின் வீட்டைப் பார்த்து நடந்தோம்.

"வேணாம் நூரு. அந்தத் தோட்டக்கார முசே என்னத் திருடின்னு சொல்லுவாரு. எம்புள்ள இதே நாட்டுலதான் வேல பாக்குறான். மானம் போயிடும்."

"உசுரு போனா என்ன பண்றது?" என்று கத்திவிட்டேன். அதற்கு முன் எந்த கஸ்டமரிடமும் நான் குரல் உயர்த்தியதில்லை.

தோட்டக்காரர் திட்டவில்லை. எந்த வரிசை என்று மட்டும் கேட்டார். அங்கே காலையில் மயில்துத்தமும் கந்தகமும் அடித்திருந்தார். உடனே டாக்டருக்கு போன் போட்டுக் கொடுத்தார். ஒரு கொத்துதானே, நிறையத் தண்ணீர் குடிக்கட்டும், வாந்தி வந்தால் அழைத்து வாருங்கள் என்றார் டாக்டர். எனக்கு மூச்சு வந்தது. அப்போது தோட்டக்காரர் ஆற்றுப் பக்கம் கையைக் காட்டி, அங்கே அடித்திருப்பது வேறு மருந்து, அதைத் தின்றிருந்தால் இந்நேரம் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பேன் என்றார். மற்ற ஆறு பேரையும் நான் அனுப்பியிருந்தது அந்தப் பக்கம்தான்.

வந்த மூச்சு போய்விட்டது. டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக ஓட்டலுக்கு வந்து சேர்ந்தோம். எல்லோரும் மரத்தடி மேசையில் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்கள்.

"பிரஷர் எறங்கிச்சா டீச்சர்?" என்று கேட்டார் பிரான்சுவா சார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ரிட்டயர் ஆன புதுச்சேரிக்காரர்.

எப்படி ஆரம்பிப்பது என்று நான் விழித்துக்கொண்டிருந்தேன். டீச்சர் முந்திக்கொண்டார்.

"பிரஷரும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் திராட்சைக்காயத் திருடித் தின்னேன். மருந்தடிச்ச காய். யாரெல்லாம் பறிச்சீங்களோ, எடுத்து மேசைல வைங்க."

வகுப்பறைக் குரல். பிரான்சுவா சார் தொப்பிக்குள்ளிருந்து ஒரு கொத்தை எடுத்து வைத்தார். அவர் மனைவி பையிலிருந்து மூன்று கொத்து.

"தின்னீங்களா?" என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டேன்.

"இல்லம்மா. ஊருக்கு எடுத்துட்டுப் போய் ஊறுகா போடலாம்னு..." என்று இழுத்தார் சாரின் மனைவி. மற்றவர்களும் தின்னவில்லை என்றார்கள்.

எல்லோரையும் சோப்பு போட்டுக் கை கழுவ வைத்தேன். டீச்சருக்கு வாந்தி வரவில்லை. சாயங்காலம் வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்தத் தொழிலில், சொல்லக் கூச்சமாக இருப்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இப்போது என் தாளில் 'காய் பறிக்காதீர்கள்' என்பதுதான் முதல் வரி. போன மாதம் பிரீஃபிங்கில் ஒருவர் கோபித்துக்கொண்டார். "எங்களப் பாத்தா திருடங்க மாதிரியா இருக்கு?"

"இல்ல சார்," என்றேன். "ஊறுகா சாப்பிடுறவங்க மாதிரி இருக்கு."