கருப்பாத்தாளின் செக்கிங் மேசை

ஊத்துக்குளியிலிருந்து ரயிலில் வந்து போகிற கருப்பாத்தாள், எங்கள் பனியன் கம்பெனியில் பதினாறு வருசமாக செக்கிங் பார்க்கிறவள். துணியில் ஊசி ஓட்டை இருந்தால் அவள் கண்ணைத் தாண்டாது. குரல் மில் சங்கு மாதிரி. நான் அயர்ன் மேசைக்காரன், ஐந்தாவதோடு படிப்பு முடிந்தது. நான் எழுதாவிட்டால் அவளைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை.

சிறு வயதில் சீழ் வடிந்து எனக்குக் காது மந்தம். வரவர மோசமானது. வெளியே சொல்லவில்லை. கூப்பிட்டால் திரும்பாத சிடுமூஞ்சி என்று பேரெடுத்தேன். மூலனூரில் கட்டிக்கொடுத்த மகள் கீதாஞ்சலி போன் பண்ணினால் ஒன்றும் விளங்காது. "சரி, வெச்சிரு" என்பேன். அப்பனுக்குத் தன்மேல் வெறுப்பு என்று நினைத்து, 2008 பொங்கலோடு அவள் பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

அந்த வருச ஆடியில் முதலாளி மகன் முகிலன் சிங்கப்பூரிலிருந்து உள்ளங்கையளவு சாமான் ஒன்று கொண்டுவந்தார். செல்போனில் சொருகி எதன்மேல் வைத்தாலும் அதுவே ஸ்பீக்கர் ஆகுமாம். என் அயர்ன் மேசையில் வைத்தார். பாட்டு வரவில்லை. எல்லோரும் சிரித்தார்கள்.

"ஏனுங் தம்பி, மூணு கம்பளிய விரிச்சு அதுமேல வெச்சா அது தூங்காம என்னங்க பண்ணும்? இங்க கொண்டாங்க!" என்று கத்தினாள் கருப்பாத்தாள். அவள் குரல் மட்டும் எனக்கும் கேட்கும்.

அவள் மேசை வெறும் பலகை. வைத்ததும் ஆட்கள் முகம் மலர்ந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"நல்லாண்ணா, வாங்க," என்று என்னைக் கூப்பிட்டாள். "முழங்கைய ஊனித் தாடையக் கையில வைங்க."

"எதுக்கு?"

"இந்த மேசைல முழங்கை ஊனி நின்னாத்தானுங்க, நான் கத்திரில தட்டறது உங்களுக்குத் தெரியுது. ரெண்டு வருசமாப் பாக்கறனுங்க. காது கேக்கலைன்னு சொன்னா வாய் வெந்தா போயிரும்?"

ஊனினேன். பாட்டு எலும்பு வழியே ஏறித் தலைக்குள் வந்தது.

அவளே என் செல்போனை வாங்கி, மகளை அழைத்து, அந்தச் சாமானைச் சொருகினாள்.

"அப்பா, எம்மேல கோவமுங்களா?"

ஒவ்வோர் எழுத்தும் கேட்டது.

"இல்ல கண்ணு. அப்பனுக்குக் காதுதான் கேக்கலை."

அந்தப் பக்கம் அழுகை. அதுவும் கேட்டது.

"அழுங்க, வேண்டாங்கலை. ஒயிட் பீசைத் தள்ளி வெச்சுட்டு அழுங்க. கறை பட்டா ரிஜெக்டு," என்று என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள் கருப்பாத்தாள்.

சாமானை முகிலன் எனக்கே கொடுத்துவிட்டார். இப்போது சனிக்கிழமை டீ நேரத்தில், மகளோடு பேச, அந்த மேசை எனக்கு. மூலனூரிலிருந்து மகள் அனுப்பும் முருங்கைக்காயில் பாதி ஊத்துக்குளிக்கு ரயிலேறுகிறது. கருப்பாத்தாளிடம் நன்றி என்று நான் சொன்னதில்லை. சொன்னால் கம்பெனி முழுக்கக் கேட்கும்படி சிரிப்பாள். அதனால்தான் எழுதினேன்.