மாடி அறைக்கு வந்த காட்டு இலைகள்

பிள்ளையார்பாளையத்தில் கீழே பட்டுத் தறி நெய்துகொண்டு, எனக்கு மாடி அறையை வாடகைக்குக் கொடுத்த அக்கா, முதல் நாளே என் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டார். கொத்தனார் என்றேன். ஊர் திருமுக்கூடல் பக்கம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தவர், நடுவில் அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்டார். அவர் தெரிந்துகொள்ள விரும்பியது வேலையை அல்ல. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவேன் என்று நானே சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறவில்லை, அறையையும் மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் படியேறும்போதெல்லாம் கீழே தறிச் சத்தம் ஒரு நொடி நின்றுவிட்டுத் தொடரும்.

அப்போது ஏனாத்தூர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில் ஒரு துண்டு நிலத்தை அளந்து எல்லை கட்டியிருந்தோம். அதற்குள் நிற்கிற ஒவ்வொரு மரமும் என்ன இனம், எந்த இடத்தில் நிற்கிறது என்று பதிவது என் வேலை. பெயர் தெரியாத மரங்களிலிருந்து சின்னக் கிளைகளை வெட்டி, செய்தித்தாளுக்குள் விரித்து வைத்து, கட்டுக் கட்டாகக் கொண்டுவருவேன். அட்டைப் பெட்டிக்குள் குண்டு பல்பு எரியவிட்டு உலர்த்துவேன்.

அக்காவுக்கு அந்த வாசனை பிடிக்கவில்லை. இலையிலிருந்து பூச்சி இறங்கிப் பட்டில் ஏறிவிடும் என்றார். இன்னொரு நாள் கரண்ட் பில்லைப் பற்றிச் சொன்னார். அவர் சொல்லாத காரணமும் ஒன்று இருந்தது. மூட்டை மூட்டையாக இலை வருகிறதே, போலீஸ் வந்தால் வீட்டுக்காரியைத்தானே பிடிப்பார்கள் என்று எதிர்வீட்டுக்காரர் அவர் காதில் போட்டிருக்கிறார். இது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

ஒரு முறை ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, ஒரு கட்டின் கயிறு மாறியிருந்தது. தினமும் பிரித்துத் தாள் மாற்ற வேண்டும் என்பதால் நான் இழுத்தால் அவிழ்கிற சுருக்குதான் போடுவேன். அதில் இருந்ததோ சின்னதாக, இறுக்கமாக ஒரு முடிச்சு. தறியில் இழை அறுந்தால் போடுகிற முடிச்சு. இந்தத் தெருவில் அதைப் போடத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் என் அறையின் இன்னொரு சாவி ஒருவரிடம்தான் இருந்தது.

பிரித்துப் பார்த்தேன். ஒரு தாள் காலியாக இருந்தது. அந்தக் காட்டில் சில மரங்கள் திரும்பிய பக்கமெல்லாம் நிற்கும். பெரும்பாலானவை அப்படியில்லை. ஒன்று இங்கே நின்றால் அதே இனத்தில் அடுத்தது மலைக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருக்கும். காணாமல் போனது, எங்கள் எல்லைக்குள் தன்னந்தனியாக நின்ற மரத்தின் கிளை. அதிர்ஷ்டவசமாகப் பூவோடு கிடைத்திருந்தது. பூ இல்லாமல் அதற்குப் பெயர் சொல்ல முடியாது என்று என் நெறியாளர் சொல்லியிருந்தார்.

உடனே கேட்கவில்லை. நானும் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். அவர் இல்லாதபோது குப்பைக் கூடையைக் கிளறினேன். காபி கொடுத்தால், இன்றைக்கு எதற்குக் கொடுக்கிறார் என்று யோசித்தேன். வேறு சாதிப் பெண்ணாக இருந்தால் கட்டைப் பிரித்திருப்பாரா என்ற கேள்வி மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு காலையில் தறிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்கா, என் கட்டைப் பிரிச்சீங்களா?"

அவர் மறுக்கவில்லை. தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார்.

"பிரிச்சேன்மா. எல்லாத்தையும் பார்த்தேன். ஒரே இலையை எதுக்குமா இத்தினி கட்டு சேர்த்து வெச்சிக்கினு இருக்கிற? நல்ல காரியத்துக்கு யாராச்சும் இப்படிச் செய்வாங்களா?"

கோபம் வந்தாலும் அவர் கண்ணில் பிழையில்லை என்று எனக்குத் தெரியும். மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் இலை ஒன்றுபோலத்தான் இருக்கும். நீள்வட்டம், வழவழப்பு, மழைநீர் வடிய நீண்ட கூர்நுனி. முதல் வருடம் நானும் அப்படித்தான் விழித்தேன். அவரை மாடிக்குக் கூட்டிப்போனேன். ஓர் இலையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஊசியால் குத்தியதுபோல் தெரிந்த புள்ளிகளைக் காட்டினேன். அது நாவல் வகை. அடுத்ததில் அடியிலிருந்தே மூன்று நரம்புகள் ஓடின. கசக்கி முகரச் சொன்னேன். பிரியாணியில் போடுகிற பட்டை வாசனை வருகிறது என்றார். அப்புறம் அவரே ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். நான் காலித் தாளை அவர் முன்னால் வைத்தேன்.

அது கஞ்சாவா என்று கேட்க நாட்டு மருந்துக் கடைக்காரரிடம் கொடுத்ததாக மெதுவாகச் சொன்னார். இருவரும் கடைக்கு நடந்தோம். அன்றே தூக்கிப் போட்டுவிட்டேன் என்றார் கடைக்காரர், எங்களைப் பார்க்காமல்.

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்தார். "பொய் சொல்றான்மா. எங்கியோ வித்துட்டான்."

அவர் உண்மையிலேயே அப்படி நம்பினாரா, அல்லது பழியை அங்கே இறக்கிவைக்கப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பும் வழியில் புதுப் பூட்டு ஒன்று வாங்கினேன். அவர் பக்கத்தில் நின்று பார்த்தார்.

மறுபடி காட்டுக்குப் போனபோது அந்த மரத்தில் பூ உதிர்ந்துவிட்டிருந்தது. காயும் பிடிக்கவில்லை. இலையை மட்டும் கொண்டுவந்தேன். பையை இறக்குவதற்குள் அக்கா மேலே வந்துவிட்டார். தாளை விரித்து வெகுநேரம் பார்த்தார்.

"அதே மரம்தான்னு எப்படிமா சொல்ற?"

மரத்தில் எண் பொறித்த தகடு அடித்திருக்கிறோம் என்றேன்.

"தகட்டை யாராச்சும் மாத்தி அடிச்சிருந்தா?"

சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அடுத்த முறை போனபோது மரப்பட்டையைக் கீறி, உள்நிறத்தைப் பழைய குறிப்போடு ஒப்பிட்டு, அதே மரம்தான் என்று உறுதி செய்துகொண்டேன். அடுத்த பருவத்தில் அது பூக்கவில்லை. அதற்கு அடுத்ததிலும் இல்லை. என் ஆய்வேட்டில் அது பெயர் தெரியாத மரமாகவே போயிற்று. யாரும் பார்க்காத இனமா, அல்லது எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை நான்தான் தப்பாகப் பார்த்தேனா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.