அக்கா கடித்த தக்கை

என் மேசை இழுப்பறையில் ஒரு தக்கை கிடக்கிறது. கட்டைவிரல் பருமன், நடுவில் துளை, துளைக்குள் கறுத்துப்போன நூல். இரண்டாம் உலக யுத்த காலத்தில், கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் தெருப் பிள்ளைகளின் கழுத்தில் இப்படி ஒன்று தொங்கும். குண்டு விழும் அதிர்ச்சியில் நாக்கைக் கடித்துவிடாமல் இருக்க அதைப் பல்லிடுக்கில் வைத்துக்கொள்ளவேண்டும். இது என் அக்காவினுடையது.

துறைமுகத்தில் குண்டு விழுந்தபோது அக்காவுக்குப் பதினான்கு வயது, எனக்கு ஒன்பது. அதற்குப் பிறகு சைரன் ஊதினால் அவளுக்குக் கை கால் உதறும். மீன்காரன் உரக்கக் கூவினாலும் உதறும். அப்பா இறந்தபின் நாங்கள் பெரியப்பா வீட்டில்தான் இருந்தோம். அம்மா அங்கே சமைத்தாள், வாய் திறக்கமாட்டாள். பெரியப்பா எங்கள் தெருவுக்கு வான் தாக்குதல் வார்டன்; சைரன் ஊதினால் ஆட்களைப் பதுங்குகுழிக்குள் இறக்குவது அவர் வேலை. தகரத் தொப்பி கிடைத்த நாளிலிருந்து அவருடைய நடையே வேறு. அவர் வீட்டுப் பிள்ளை நடுங்குவது அவருக்குப் பெரிய மானக்கேடாகப் போய்விட்டது.

"பயம் ஒரு பழக்கம், பிள்ளை. அதை முறிக்கவேணும்" என்றார்.

சைரன் ஊதியதும் நாங்கள் பதுங்குகுழிக்குள் இறங்குவோம். அக்கா மட்டும் முற்றத்து நடுவில் தக்கையைக் கடித்தபடி நின்று, மனதுக்குள் முந்நூறு வரை எண்ணவேண்டும். உடம்பு உதறினால் மறுபடி ஒன்றிலிருந்து. எது ஒத்திகைச் சைரன் என்று பெரியப்பாவுக்கு முன்பே தெரியும். அவளுக்குச் சொல்லமாட்டார். நான் குழிக்குள்ளிருந்து அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். அழுதால் அடுத்தது நான்தான் என்று தெரியும். ஒருநாளாவது அவளுக்குப் பதிலாக நிற்கிறேன் என்று நான் சொல்லவில்லை. அதற்காக என்னை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது.

மூன்று மாதத்தில் உதறல் நின்றது. வந்தவர் போனவருக்கெல்லாம் பெரியப்பா அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் முதுகுக்குப் பின்னால் தகரத்தைத் தட்டுவார், அவள் இமைக்கமாட்டாள். "என்ன திடம் பாருங்கோ" என்பார். வந்தவர்கள் மெச்சியபடி தேநீர் குடித்தார்கள். அவள் சிரிப்பதையும் பாடுவதையும் விட்டுவிட்டதை ஒருவரும் கவனிக்கவில்லை. அம்மா செத்தபோதும் அவள் அழவில்லை. அதையும் மெச்சினார்கள்.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம் பெரியப்பா படுக்கையில் விழுந்தார். மூச்சு முட்டியது. சாகப்போகிறோம் என்ற பயத்தில் கட்டில் அதிர நடுங்கினார்.

"என்னை விட்டிட்டுப் போகாதை, பிள்ளை. கையைப் பிடி" என்று அக்காவிடம் கெஞ்சினார்.

அக்கா தக்கையை எடுத்துவந்து, கழுவித் துடைத்து, அவர் வாயில் வைத்தாள்.

"கடியுங்கோ பெரியப்பா. முந்நூறு மட்டும் எண்ணுங்கோ. உதறினால் திரும்ப ஒண்டிலயிருந்து."

கதவைச் சாத்திவிட்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து அரிசி புடைத்தாள். நானும் எழுந்து போகவில்லை.

நேற்றுப் பேத்தியின் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகளின் மனத்திடத்தை வளர்ப்பது எப்படி என்று ஒரு கூட்டம். அந்தச் சொல்லைக் கேட்டதும் பாதியில் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். இழுப்பறையைத் திறந்து தக்கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அக்காவின் பல் தடங்கள் பாதி வரை இறங்கியிருக்கின்றன. பெரியப்பாவின் தடம் ஒன்றும் இல்லை. அவருக்கு அப்போது பல் இருக்கவில்லை.