பவித்ராவின் எடை

என் அம்மா கரடியூரில் அங்கன்வாடி டீச்சர். முப்பத்து நான்கு வருஷம் அதே வேலை, அதே ஒற்றை அறை. கூட வேலைக்குச் சேர்ந்தவர்களில் சிலர் சூப்பர்வைசராகி ஜீப்பில் வந்து இறங்கினார்கள். அம்மா அவர்களுக்கு நாற்காலி துடைத்துப் போட்டாள். போன வருஷம் ஓய்வு பெற்றபோது சால்வை போர்த்தினார்கள். டீச்சர் ஏன் மேலே போகவில்லை என்று மேடையில் ஒருவர் கேட்டு, "அம்மாவுக்குப் பதவி ஆசையே இல்லீங்க" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். வெட்கமில்லாமல் நானும் கைதட்டினேன்.

இந்தக் கதை நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை அம்மா குழந்தைகளுக்கு எடை போடுவாள். உத்தரத்தில் தராசு தொங்கும். அதன் கொக்கியில் மாட்டிய துணிப்பைக்குள் குழந்தையை உட்கார வைத்தால் முள் நகரும். உட்கார்ந்ததுமே எல்லாம் உதைத்துக்கொண்டு அழும் என்பதால், பின்னால் நின்று பை ஆடாமல் பிடித்துக்கொள்வது என் வேலை. அம்மா முள்ளைப் பார்த்துக் குழந்தையின் அட்டையில் இருக்கும் வண்ணப் பட்டைகளின் மேல் புள்ளி வைப்பாள். பச்சையில் விழுந்தால் நல்லது, மஞ்சளில் விழுந்தால் கவனம் வேண்டும், சிவப்பில் விழுந்தால் அன்றைக்கு அம்மாவுக்குச் சோறு இறங்காது.

அந்த வருஷம் சிவப்பில் ஒரே ஒரு குழந்தைதான். எஸ்டேட் லைன் வீட்டுப் பவித்ரா, இரண்டு வயது. அவள் அம்மா காலையில் காப்பித் தோட்டத்துக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவாள். கொடுத்தனுப்பும் சத்துமாவை வீட்டில் எல்லோரும் பங்கு போட்டுவிடுகிறார்கள் என்று, என் அம்மா தினமும் சாயங்காலம் ஒரு மைல் இறங்கிப்போய், தானே கஞ்சி காய்ச்சி ஊட்டிவிட்டு வருவாள். அப்பா வேலை விட்டு வர இருட்டிவிடும்; நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பூட்டிய வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பேன். வந்தவுடன் "இன்னைக்கு ஆறு வாய் தின்னுச்சு" என்பாளே தவிர, நான் என்ன தின்றேன் என்று கேட்கமாட்டாள். அந்தக் குழந்தையைக் கண்டாலே எனக்கு ஆகாது.

ஐப்பசி மாதம் பவித்ராவைப் பையில் உட்கார வைத்தபோது அவள் உதைக்கவில்லை. அதற்கான தெம்பு அவளிடம் இல்லை. நான் பையின் அடியில் இரண்டு விரலைக் கொடுத்து மெதுவாகக் கீழே இழுத்தேன். மஞ்சளுக்கு வந்துவிட்டால் அம்மா சாயங்காலம் வீட்டில் இருப்பாள், அவ்வளவுதான் நான் நினைத்தது.

"எட்டரை கிலோங்க!" என்று அம்மா கத்தியே விட்டாள். "நொம்பத் தேறிட்டியே சாமி!"

"எல்லாம் உங்க கைராசிதானுங்க டீச்சர்" என்று, அன்றைக்குத் தோட்டத்துக்குப் போகாமல் வந்திருந்த பவித்ராவின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏதோ நல்லது செய்துவிட்ட மாதிரி எனக்கே இருந்தது.

அதற்கடுத்த மூன்று வாரத்தைப் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை. மழை பிடித்துக்கொண்டது. புள்ளி மஞ்சளுக்கு வந்துவிட்டதால் அம்மா லைனுக்கு இறங்காமல் வீட்டிலேயே இருந்து வாய்ப்பாடு கேட்டாள், பணியாரம் சுட்டுக் கொடுத்தாள். லைன் வீட்டில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டு நான்கு நாளானது எங்களுக்குத் தெரியாது. ஐந்தாம் நாள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அவள் அம்மா தூக்கி வந்தாள். என் அம்மாவும் கூடவே ஏற்காடு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கே எடை போட்டார்கள். ஏழு கிலோகூட இல்லை. சேலத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஜீப் பாதி மலை இறங்குவதற்குள் திரும்பி வந்துவிட்டது.

குழந்தையைப் புதைத்த மறுநாள், அம்மா ஐந்து கிலோ அரிசிப் பையைத் தராசில் மாட்டிப் பார்த்தாள். ஐந்துதான் காட்டியது. கழற்றி இன்னொரு தடவை மாட்டினாள். அப்போதும் ஐந்துதான். பிறகு தரையில் உட்கார்ந்து, வாசலில் நின்ற என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பசிக்குதா கண்ணு?" என்றாள்.

அடுத்த வாரம் சூப்பர்வைசர் வந்து அட்டையைப் புரட்டினார். "ஏனுங்க டீச்சர், மூணு வாரத்துல ஒன்றரைக் கிலோ எங்கீங்க போச்சு? தராசு கெட்டுப்போச்சுங்களா?"

"தராசு நல்லாத்தானுங்க இருக்குது. நாந்தான் முள்ளைச் சரியாப் பாக்கலீங்க. என்ற தப்புத்தானுங்க."

கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அந்தக் காகிதம் அம்மாவின் கோப்பிலிருந்து போகவே இல்லை. பவித்ராவின் அம்மா அதன்பிறகு வழியில் எங்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது போலிருக்கிறது, தப்பித்தோம் என்றுதான் நான் நினைத்தேன்.

அடுத்த மாதத்திலிருந்து எடை போடும் நாளில் அம்மா என்னை அங்கே நிறுத்தவில்லை. அப்பாவோடு ஏற்காடு பஜாருக்கு அனுப்பிவிடுவாள். "அழுவற புள்ளைங்களோட நீ எதுக்குக் கஷ்டப்படோணும்? போயி பன்னு வாங்கித் தின்னுட்டு வா சாமி" என்பாள். பையை ஒரு கையால் தானே பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு குழந்தையையும் இரண்டு தடவை எடை போடுகிறாள் என்று கேள்விப்பட்டேன். கடைசியில் அம்மாவுக்கு என்மேல் பாசம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, ஏரிக்கரையில் உட்கார்ந்து பன் தின்றேன்.