சாட்டைப்புழுவும் விளக்கெண்ணெயும்

சாட்டைப்புழுவுக்கு மருந்து கண்டுபிடிக்கிறேன் என்றால், என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூடக் காப்பியைக் கீழே வைத்துவிடுவார்கள். ஏழைப் பிள்ளைகளின் குடலில் குடியிருக்கும் புழு அது. இப்போதுள்ள மாத்திரைகளுக்குச் சரியாக அசைந்து கொடுக்காது. லாபம் இல்லாததால் பெரிய கம்பெனிகளும் கண்டுகொள்வதில்லை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் நாலைந்து பேர்தான் அதைக் கட்டிக்கொண்டு அழுதோம். என் இளமை முழுக்க அந்த ஒரு மருந்தில் போயிற்று.

பிள்ளைகளுக்குக் கொடுத்துச் சோதிக்க ஒருவழியாக அனுமதி கிடைத்தது. தேர்வான தோட்டங்களில் ஈஜோக் ஊர்ப் பக்கம் நான் பிறந்த தோட்டமும் ஒன்று. பாதிப் பிள்ளைகளுக்கு எங்கள் மருந்து, மற்றவர்களுக்கு அதே நிறத்தில் வெற்று மாத்திரை. சில வாரங்கள் கழித்து மலத்தை வாங்கி, புழு முட்டை குறைந்திருக்கிறதா என்று பார்ப்போம். அதன்பின் எல்லாருக்கும் வழக்கமான மருந்து உண்டு.

அம்மா இன்னும் அங்கே, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில்தான் இருக்கிறார். "எப்பம்மா ரிசல்ட்டு?" என்று கேட்டார். மலம் வாங்கும் நாளைச் சொன்னேன்.

அன்று காலை டப்பாக்களைத் திறந்தால் எல்லாம் தண்ணீர். தோட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் வயிற்றுப்போக்கு! வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்குமா என்றுகூட யோசிக்காமல், எங்கள் மருந்துதான் ஏதோ செய்துவிட்டது என்று பயந்தேன். லயத்துக்கு ஓடினேன். அம்மா வாசலில் பெருமையாக நின்றார்.

"நேத்தே எல்லா வூட்டுப் பிள்ளைக்கும் வெளக்கெண்ண குடுத்தாச்சு லா. ஒரு புழு மிச்சமிருக்காது. ஒம் மருந்து பாஸாயிரும்."

பள்ளி திறக்குமுன் பேதிக்குக் கொடுப்பது எங்கள் தோட்டத்து வழக்கம். அதனால் எந்தத் தாயும் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை.

இப்படித் தண்ணீராகப் போனால் முட்டையை நம்பி எண்ண முடியாது, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களையும் பிரித்துப் பார்க்க முடியாது என்று கத்தினேன்.

"பாதிப் பேருக்குச் சும்மா மாத்திரையா? அடிப்பாவி! அதுங்க என்னா பாவம் செஞ்சிச்சு?"

எங்கள் தோட்டத்தைச் சோதனையிலிருந்தே நீக்கிவிட்டார்கள். எனக்கு அம்மாமேல் கோபமான கோபம். மற்றத் தோட்டங்களை நம்பிக் காத்திருந்தேன். அந்த முடிவும் வந்தது. எங்கள் மருந்துக்கும் வெற்று மாத்திரைக்கும் பெரிய வித்தியாசமே இல்லை.

கோபத்தையெல்லாம் மறந்து அம்மாவிடம்தான் போனேன். "தோத்துப் போச்சும்மா" என்று அவர் மடியில் விழுந்து அழுதேன். அவர் என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"தோக்காம என்னா செய்யும்? அங்கெல்லாம் நான் இல்லையே."